சீனியம்மா இருக்கிறாளா

ஏழு மணிக்குத் தெரிந்துவிடும். குமரேசன் சட்டை மூன்று, ஹேமாவின் சுடிதார் இரண்டு, துப்பட்டா ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்று எங்கே, இதோ துண்டுக்கு அடியில், ஆக இரண்டு, என் புடவை ஒன்று, கிளிப்புகள் பதினாறு, போட்டதும் பதினாறு, எடுத்ததும் பதினாறு. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஏழு மணிக்கு டிவியில் ‘உப்பாற்று வழக்கு’ இரண்டாம் பாகம் ஆரம்பிக்கிறது. சீனியம்மா செத்தாளா இருக்கிறாளா என்பது ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிடும். சீனியம்மா நான்தான். என் பெயர் தனபாக்கியம், ஆனால் இந்தத் தெருவில் மருந்துக் கடைக்காரர் முதல் எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் வரை எல்லாரும் சீனியம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் பாகம் முடிந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். உள்ளே என் மகன் சேது, கொலை செய்தவன் என்று ஊரே சொல்கிறது, செய்தானா என்று எனக்கே தெரியாது, கதை எழுதியவருக்காவது தெரியுமா என்பது சந்தேகம். வெளியே மழை. மழையில் இன்ஸ்பெக்டர் தமயந்தி துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். சேது இந்த வாசலைத் தாண்டலை, தாண்டுனா என் பொணத்தைத் தாண்டித்தான் போகணும் என்று நான் சொல்கிறேன். திரை கறுத்துவிடுகிறது. கறுப்பில் ஒரு வெடிச் சத்தம். அவ்வளவுதான். யார் சுட்டது, யார் மேல் பட்டது, ஒன்றும் காட்டவில்லை. பூக்காரி கேட்டாள், சிரித்தேன். ரேஷன் கடையில் வரிசையே திரும்பிப் பார்த்துக் கேட்டது, தலையைக் குனிந்துகொண்டேன். நாலு பேர் என்னைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும், கேமரா முன்னால் மட்டும் வேர்ப்பதில்லை, அது என்னவோ. ரகசியம் காக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்தால்தானே ரகசியம். எங்களுக்கும் அந்தச் சத்தத்தோடு சரி. அதையும் அன்றைக்கு யாரும் சுடவில்லை, பிறகு ஒலி சேர்ப்பவர்கள் சேர்த்துக்கொண்டது.

இரண்டாம் பாகம் எடுக்க ஆரம்பித்த பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. தமயந்தியாக நடிக்கிற பெண் போனாள், சேதுவாக நடிக்கிற பிள்ளை போனான், அவர்கள் போட்டிருந்த படங்களை ஹேமா போனில் காட்டினாள், பின்னால் அதே வீடு, அதே நீலக் கதவு, கதவில் நான் கை வைத்துத் தேய்ந்த இடம்கூட எனக்குத் தெரிந்தது. பிறகு தினகரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தினகர் அங்கே அசிஸ்டென்ட் டைரக்டர், சின்ன வயது, காது இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அம்மா, சீனியம்மா கெட்டப்ல நேராப் பாக்கற மாதிரி க்ளோசப் போட்டோ ஒண்ணு அனுப்புங்க. இதுதான் செய்தி, ஒரு எழுத்து மாறாமல் இதுதான். ஹேமா வாசித்துக் காட்டினாள், அவளே தேடி அனுப்பியும் வைத்தாள், எதற்காம் என்றுகூட அவள் கேட்கவில்லை. மருமகளுக்கு அதெல்லாம் கேட்கத் தோன்றாது, எனக்குத்தான் அன்றிலிருந்து இந்த ஒன்றே ஓடிக்கொண்டிருக்கிறது. நேராகப் பார்க்கிற மாதிரி. எங்கள் தொழிலில் படப்பிடிப்புக்குக் கூப்பிடாமல் போட்டோ மட்டும் கேட்டால் அதற்கு இரண்டே அர்த்தம். ஒன்று, செத்துப்போனவள், சுவரில் மாட்டி மாலை போட வேண்டும், பொட்டு வைக்க வேண்டும், மகன் அதன் முன்னால் நின்று சபதம் செய்ய வேண்டும். இன்னொன்று, ‘இவருக்குப் பதில் இவர்’. எங்கள் சானலில் அதை ஒரு கார்டாகவே போடுவார்கள், இந்தப் பக்கம் பழைய முகம், அந்தப் பக்கம் புது முகம், நடுவே ஒரு அம்புக்குறி, மூன்று எண்ணுவதற்குள் போய்விடும், அதன் பிறகு அந்தப் புது முகம்தான் எல்லாருக்கும் அம்மா. இரண்டுக்கும் நேராகப் பார்க்கிற போட்டோதான் வேண்டும். எத்தனை தடவை திருப்பிப் பார்த்தாலும் அந்தச் செய்தியில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மாலை என்றால் பரவாயில்லை. மாலை என்றால் கதைக்கு ஒரு சாவு தேவைப்பட்டது, தாய் செத்தால்தான் மகனுக்கு ஆவேசம் வரும், யார் மேலும் குற்றம் இல்லை. கார்டு என்றால் சீனியம்மா இருக்கிறாள், தனபாக்கியம்தான் வேண்டாம். எதற்கு வேண்டாம் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் அது தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

தெரிந்துவிட்டது என்றால் என்ன தெரிந்துவிட்டது, ஒன்றும் இல்லை, ஒரு நாள் நடந்தது. அந்த வாசல் காட்சி எடுத்த நாள். அதுவரைக்கும் நான் பிராம்ப்டிங் வாங்கியதில்லை. இன்றைக்கு எல்லாரும் வாங்குகிறார்கள், கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசிக்கும், இவர்கள் கேட்டுக் கேட்டுச் சொல்வார்கள், பிறகு டப்பிங்கில் சேர்த்துக்கொள்வார்கள். நான் அப்படி இல்லை. ஆறாம் வகுப்போடு நின்றவள், வாசிக்கக் கஷ்டம், அதனால் ஒரு தடவை காதால் கேட்டுவிட்டால் போதும், எழுத்து எழுத்தாக உட்கார்ந்துவிடும். நாடகக் கம்பெனியில் மற்றவர்கள் வசனத்தையும் சேர்த்து வைத்திருப்பேன். அன்றைக்கு மழை மெஷினைத் திறந்துவிட்டார்கள், ஆக்‌ஷன் என்றார்கள், நான் கதவில் கை வைத்து, ரகு இந்த வாசலைத் தாண்டலை என்றேன். ரகு என்பது மதியத் தொடரில் எனக்கு மகன், ரொம்ப நாள் அவனுக்கு அம்மாவாக இருந்தேன், காலையில் ஒரு வீட்டில் மாமியார் மதியம் இன்னொரு வீட்டில் தாய் என்று ஓடுகிறவர்களுக்கு நடக்கிறதுதான். எல்லாரும் சிரித்தார்கள். சேதுவாக நடிக்கிற பிள்ளை, அம்மா, ரகுவையே சுடட்டும், நான் பின்பக்கமா ஓடிடறேன் என்றான், நானும் சிரித்தேன். மறுபடி ஆக்‌ஷன், மறுபடியும் ரகு. இந்தத் தடவை கொஞ்சம் பேர் சிரித்தார்கள். மூன்றாவது தடவை, குமரேசன் இந்த வாசலைத் தாண்டலை என்றேன். குமரேசன் என் சொந்தப் பிள்ளை. யாரும் சிரிக்கவில்லை. மெஷின் மழை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. அப்போது கேமராமேன் டைரக்டரைப் பார்த்தார். அந்தப் பார்வைதான். வேறு ஒன்றும் இல்லை, பரவாயில்லம்மா, ஈரத்துல நிக்கறீங்க, குளிருதில்ல என்றார் டைரக்டர். தினகர் வந்து என் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான், நான் திருப்பிச் சொன்னேன், டிவியில் பார்த்தபோது எல்லாரும் அழுததாகச் சொன்னார்கள். நான் அந்தப் பார்வையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது டிவியில் இல்லை. சேது இந்த வாசலைத் தாண்டலை, தாண்டுனா என் பொணத்தைத் தாண்டித்தான் போகணும். இதோ இப்போது வருகிறது. துணி மடிக்கும்போது வருகிறது, பல் தேய்க்கும்போது வருகிறது, அன்றைக்கு அரை மணி நேரம் வரவில்லை. அதற்காக ஒரு மனுஷியை மாற்றிவிடுவார்களா.

“அத்தை, டீ.” ஹேமா வந்து நின்றாள். பால்கனிக்கே கொண்டுவந்துவிட்டாள். தினமும் சமையலறையிலிருந்து குரல்தான் கொடுப்பாள். தம்ளரை என் கையில் வைத்து, அதை நான் பிடித்துக்கொண்டேனா என்று பார்த்துவிட்டு விட்டாள். “இன்னைக்கு வடபழனி கோயிலுக்குப் போலாமா அத்தை? ஆட்டோல போய்ட்டு வந்துடலாம்.”

“இன்னைக்கா? இன்னைக்கு ஏழு மணிக்குத்தானே தொடர்.”

“அது எங்க போயிடும். போன்ல அப்புறமா பாத்துக்கலாம்.” கொடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கொடியில் ஒன்றும் இல்லை. “நீங்க பாக்கணும்னா பாக்கலாம். எனக்கு ஒண்ணுமில்லை. மனசு கஷ்டமாயிடும்னு சொன்னேன்.”

மனசு கஷ்டமாயிடும். எதற்குக் கஷ்டமாகும் என்று எனக்குச் சுருக்கென்றது. இவளுக்கு என்ன தெரியும். ஏதோ தெரிந்திருக்கிறது, போனில் யாராவது போட்டிருப்பார்கள், இப்போதெல்லாம் வெளிவருவதற்கு முன்பே எல்லாம் போட்டுவிடுகிறார்கள், கார்டைப் பார்த்திருப்பாள், அம்புக்குறிக்கு அந்தப் பக்கம் இருக்கிற முகத்தைக்கூடப் பார்த்திருப்பாள். கேட்டால் சொல்லிவிடுவாள், அதனால் கேட்கவில்லை. அவள் பேச்சை மாற்றி, மாத்திரை போட்டீங்களா என்றாள். போட்டேன், அட்டையில் ஆறு இருந்தது, ஐந்து இருக்கிறது, வேண்டுமானால் எண்ணிப் பார் என்றேன். எண்ண வேண்டாம் அத்தை, சும்மாதான் கேட்டேன் என்றாள். முன்னெல்லாம் இப்படிச் சும்மா கேட்கமாட்டாள். ஒரு தடவை டாக்டரிடம் போகலாமா என்றும் கேட்டிருக்கிறாள், எதற்கு என்றேன், செக்கப் அத்தை, எல்லாரும் பண்றாங்க என்றாள், எல்லாரும் பண்ணட்டும் என்றேன். கதவைத் தட்டாமலே எதிர்வீட்டு பிலோமினா உள்ளே வந்துவிட்டாள், கையில் கிண்ணம், அவள் கிண்ணமில்லாமல் வந்து நான் பார்த்ததில்லை. “கொஞ்சம் சர்க்கரை குடு ஹேமா. என்னக்கா, இன்னைக்கு இருக்கீங்களா, போறீங்களா? எங்க வீட்டுக்காரர் பந்தயம் கட்டியிருக்காரு, நீங்க சாகமாட்டீங்களாம், கட்டை ஸ்ட்ராங்காம்.” நான் சிரித்தேன். ஹேமா அவளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஆட்டினாள். பிலோமினா அந்தச் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், எனக்கு நடிப்பில் தெரியும், வசனம் தீர்ந்துபோன பிறகும் கேமரா ஓடிக்கொண்டிருந்தால் அப்படித்தான் நிற்போம். பிறகு சர்க்கரையை வாங்கிக்கொண்டு போனாள். எதிர்வீடு வரைக்கும் தெரிந்திருக்கிறது.

தினகர் கூப்பிட்டிருக்கலாம். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. டைரக்டர் பெரிய மனிதர், அவர் கூப்பிட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, மேனேஜருக்கு நேரமில்லை, தினகர் அப்படியா. முதல் நாளிலிருந்து அம்மா அம்மா என்று பின்னாலேயே வந்த பிள்ளை. எல்லாருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி, எனக்கு மட்டும் எங்கிருந்தோ முதுகு சாய்கிற நாற்காலி கொண்டுவருவான். மற்றவர்கள் பின்னால் பேசுவதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்வான். அம்மா, அந்த அழுகை கொஞ்சம் ஓவர், நாடகம் மாதிரி இருக்கு என்று என்னிடமே சொன்னவன். அவன் கூப்பிட்டு, அம்மா, மாத்தறாங்கம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன், சண்டையா போட்டிருப்பேன். சரி தம்பி என்றிருப்பேன். அதைச் சொல்லக்கூட நான் தகுதியில்லாதவளாகப் போய்விட்டேனா. போட்டோ அனுப்புங்கள் என்று ஒரு செய்தி. கடைக்காரனுக்குச் சாமான் அனுப்பச் சொல்வது மாதிரி. நானாகக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று எத்தனையோ தடவை போனை எடுத்தேன், கூச்சமாக இருந்தது, நம்மை வேண்டாம் என்றவர்களிடம் போய் எதற்கு வேண்டாம் என்று கேட்பது எப்படி. டீ ஆறிவிட்டது. தம்ளரை வைக்கச் சமையலறைக்கு வந்தேன். வந்து நின்றேன். எதற்கு வந்தேன். தம்ளர் கையிலேயே இருக்கிறது, தம்ளர் வைக்கத்தான் வந்தேன், இதோ வைத்துவிட்டேன், சமையலறைக்கு வந்து எதற்கு வந்தோம் என்று நிற்காத பெண்பிள்ளை உலகத்தில் உண்டா. ஹேமாவே நிற்பாள். ஆனால் அவள் நிற்கும்போது அவளுக்குப் பயமாக இருக்காது. எங்கள் அக்காவுக்கும் முதலில் இப்படித்தான், பெயர்கள்தான் முதலில் போயின. பிறகு சாப்பிட்டு எழுந்த கையோடு சோறு கேட்பாள், எனக்குச் சோறே போடுவதில்லை என்று தெருவில் போய்ச் சொல்வாள், அவள் மகள் வேறு வழியில்லாமல் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் எடுத்து வைத்து, இதோ பாரும்மா, நீ சாப்பிட்ட தட்டு, நீ ஒதுக்கிவைத்த மிளகாய் என்று காட்டுவாள். அக்கா தட்டைப் பார்ப்பாள். அந்தத் தட்டைப் பார்க்கும்போது அவள் முகம் எப்படியிருந்தது என்று எனக்குத் தெரியும், சொல்லத்தான் முடியாது. பிறருடைய தட்டைக் காட்டி நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்திருப்பாளா, அல்லது உண்மைதான் என்று தெரிந்திருக்குமா. நான் கடைசிவரை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அடுத்த நிமிஷம் அந்தக் கேள்வியே அவளிடம் இருந்திருக்காது.

விளக்கேற்றினேன். தீப்பெட்டி, திரி, எண்ணெய், எல்லாம் அதனதன் இடத்தில். சாமியிடம் என்ன கேட்பது என்று நின்றேன். அந்தப் புதுப் பெண் யாராக இருக்கும். என் வயதில் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள், எல்லாரையும் தெரியும், எல்லாரும் நல்லவர்கள், யாரை நினைத்தாலும் வயிறு எரிகிறது. என் சுங்குடிப் புடவையைக் கொடுத்திருப்பார்கள், அது கம்பெனிப் புடவைதான், ஆனால் அதன் தலைப்பில் முடிச்சுப் போட்டுச் சாவியைக் கட்டிக்கொள்வது நான் கொண்டுவந்தது, யாரும் சொல்லித்தரவில்லை, சீனியம்மா அப்படித்தான் செய்வாள் என்று எனக்குத் தோன்றியது. இனி அவள் அந்தச் சாவியைக் கட்டிக்கொள்வாள். சேது அவளை அம்மா என்பான், ஒரே நாளில் சொல்லிவிடுவான், நல்ல பிள்ளை, தொழில் தெரிந்த பிள்ளை. பார்க்கிற ஜனங்களுக்கு ஒரு வாரம் உறுத்தும், பிறகு மறந்துவிடும், ரேஷன் கடை வரிசையில் யாரும் திரும்பமாட்டார்கள், திரும்பினாலும் பழைய சீனியம்மா, இவங்களை ஏன் மாத்துனாங்க, ஏதோ ஞாபக மறதியாம் என்று முடிப்பார்கள். மனிதர்கள் மறதியைப் பற்றிக் குரலை இறக்கித்தான் பேசுவார்கள், அதைக் கேட்பதற்கு நான் நிற்க வேண்டும். அதற்குச் சாகலாம். சாமி, என்னைச் சுட்டிருக்க வேண்டும். நெஞ்சில் வேண்டாம், எங்கேயாவது, ஒரே குண்டில் போயிருக்க வேண்டும், சுவரில் மாட்டியிருக்க வேண்டும். கை கூப்பி நின்று இப்படித்தான் கேட்டேன். குமரேசனும் ஹேமாவும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்பதைக்கூடக் கேட்கவில்லை. சீனியம்மாவைக் கொன்றுவிடு என்று கேட்டுக்கொண்டிருந்தேன், திரி கருகுகிற வாசனை வந்தது.

குமரேசன் சீக்கிரமே வந்துவிட்டான். அவன் வேலை செய்கிற இடத்தில் ஏழு மணிக்கு முன்னால் யாரையும் விடமாட்டார்கள், கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான். “என்னம்மா, ரெடியா” என்று என் பக்கத்தில் உட்கார்ந்தான், எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்காரவில்லை. ஹேமா கதவை உள்ளே தாழ் போட்டாள். டிவியில் சோப்பு விளம்பரம், பைக் விளம்பரம், நகைக் கடை விளம்பரம், பிறகு ‘இதுவரை’ என்று பழைய கதையைத் துண்டு துண்டாக ஓட்டினார்கள், உப்பாறு, சாக்குமூட்டையில் பிணம், தமயந்தியின் ஜீப், சேது ஓடுகிறான், நான் சோறு போடுகிறேன், சேது சாப்பிடுகிறான், நான் வாசலில். என் வாய் திறக்கிறது. தாண்டுனா என் பொணத்தைத் தாண்டித்தான் போகணும். அங்கே நான் நன்றாகச் சொல்கிறேன். கறுப்பு. வெடிச் சத்தம். பிறகு பெயர்கள் ஓட ஆரம்பித்தன, எனக்கு வாசிக்க நேரம் பிடிக்கும், என் பெயர் எங்கே வரும் என்று தேடுவதற்குள் போய்விட்டது. என் கை எனக்குத் தெரியாமலே குமரேசன் முழங்காலைப் பிடித்திருக்கிறது. இப்போது கார்டு வரும். கார்டு வருவதென்றால் இப்போதுதான் வரும், ஆள் நுழைகிறபோது கீழே வரும். நீலக் கதவு. கதவு திறக்கிறது. யாரோ பெண், பின்பக்கம் தெரிகிறது, நரைத்த கொண்டை. அவள் திரும்பினாள், பக்கத்து வீட்டுக்காரியாக வருகிறவள், கையில் ஒரு சொம்பு, அவள் நகர்ந்ததும் சுவர் தெரிந்தது. சுவரில் நான். சுங்குடிப் புடவை, நேரான பார்வை, சந்தனப் பொட்டு, கனமான சம்பங்கி மாலை, கீழே காமாட்சி விளக்கு. போட்டோவுக்கு முன்னால் சேது மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். தாய்க்காகத் தலையை மழித்திருக்கிறான், உண்மையாகவே மழித்திருக்கிறான், டோப்பா இல்லை.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், சிரிப்பு வந்தது. உடம்பில் இத்தனை நாள் எங்கோ இறுகிக் கிடந்தது எல்லாம் அவிழ்ந்துவிட்ட மாதிரி, காலை நீட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. செத்துப்போனேன். மாற்றவில்லை. அந்தப் பார்வைக்கு ஒரு அர்த்தமும் இல்லை, ஈரத்தில் நின்ற கிழவிக்கு நாக்குப் புரளவில்லை, அவ்வளவுதான், தினகரைத்தான் தேவையில்லாமல் திட்டிவிட்டேன். “பாத்தியா குமரேசா” என்றேன், “கொன்னுட்டாங்க. கதைக்குச் சாவு வேணும்னு கொன்னுருக்காங்க. நான் என்னென்னவோ நினைச்சுட்டிருந்தேன். மாலையைப் பாரு, எவ்வளவு கனமாப் போட்டிருக்கான்.”

“ஆமாம்மா” என்றான் குமரேசன், அவனும் சிரித்தான், “அந்தத் தம்பி சொன்ன மாதிரியே மரியாதையாப் பண்ணியிருக்காங்க.”

“எந்தத் தம்பி?”

குமரேசன் டிவியைப் பார்த்தான். ஹேமா, “ஏங்க, தண்ணி எடுத்துட்டு வாங்களேன்” என்றாள். அவன் எழுந்திருக்கவில்லை. என் கை அவன் முழங்காலில் இருந்தது. “எந்தத் தம்பிடா” என்றேன் மறுபடியும்.

“தினகர்தாம்மா. அன்னைக்குப் போன் பண்ணுச்சே.”

“போட்டோ கேட்டு மெசேஜ் அனுப்புச்சு. போன் எங்க பண்ணுச்சு?”

ஹேமா வந்து எனக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவள் குரல் பால்கனியில் டீ கொடுத்த குரல்தான். “அதுக்கு முன்னாடி நாள் அத்தை. மத்தியானம். நான் அவரைக்காய் நறுக்கிட்டிருந்தேன், நீங்க உள்ள பேசிட்டு வந்து எங்கிட்ட உக்காந்து சொன்னீங்க. டயலாக் நிக்கலை, வேற ஆளைப் போட்டுடலாம்னு டைரக்டர் சொல்றாருன்னு அந்தத் தம்பி சொல்லிட்டு அழுததாம். நீங்கதான் அதைச் சமாதானம் பண்ணியிருக்கீங்க.” நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். “நீங்கதான் சொன்னீங்களாம் அத்தை. எனக்குப் பதிலா இன்னொருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தாத தம்பி, என்னைக் கொன்னுடு, நானே சொல்றேன், போட்டோ கேளு, அனுப்பறேன்னு. டைரக்டர் ஒத்துக்கிட்டாருன்னு மறுநாள் மெசேஜ் வந்துச்சு. ரோஜா மாலை போடாதே, எனக்குத் தும்மல் வரும்னு சொன்னேன்னு சொல்லி நீங்க அப்படிச் சிரிச்சீங்க. நானும் சிரிச்சுட்டேன். அப்புறம் ராத்திரி இவர்கிட்டயும் நீங்களே சொன்னீங்க.”

மறந்தது என்றால் மறந்த இடத்தில் ஒரு குழி இருக்கும், அதில் விரலை விட்டுத் தேடலாம், ஒரு பெயர் வராதபோது அதன் முதல் எழுத்தாவது நாக்கின் நுனியில் நிற்கும். நான் தேடினேன். அவரைக்காய். அவரைக்காய் பொரியல் சாப்பிட்டதுகூட நினைவிருக்கிறது, உப்பு ஒரு கல் கூட இருந்தது. அந்தப் பிள்ளை அழுதது இல்லை. என்னைக் கொன்றுவிடு என்று நான் சொன்னது இல்லை. சிரித்தது இல்லை. ஒரு குழியும் இல்லை, தரை வழவழவென்று சமமாக இருந்தது, அந்தச் செய்தி வந்த நாளும் அதற்கு முந்தின நாளும் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் தெரிந்த ஒருத்தி இந்த வீட்டில் உட்கார்ந்து தன் சாவைத் தானே ஏற்பாடு செய்து, பிள்ளைக்கும் மருமகளுக்கும் சொல்லிச் சிரித்துவிட்டு எழுந்து போயிருக்கிறாள். அவள் கெட்டிக்காரி. நான் அவளைப் பார்த்ததில்லை. அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவள் முடிவு செய்ததையே நான் இத்தனை நாள் பயந்து பயந்து விளக்கின் முன்னால் நின்று கேட்டிருக்கிறேன். வேறு என்னென்ன சொல்லியிருக்கிறாள். இவர்களிடம் வேறு என்னென்ன பேசியிருக்கிறாள். கேட்டால் சொல்வார்கள், எண்ணிக்கொண்டே போவார்கள். ஹேமா என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள், என் உள்ளங்கை வேர்த்திருந்தது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

“ஆமா” என்றேன். “ஆமா, சொன்னேன்ல. அழுதான் பாவம். இப்ப ஞாபகம் வருது.” சரியான இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் தலையை ஆட்டி, உதட்டோரம் ஒரு சிரிப்போடு சொன்னேன். ஹேமாவுக்கு முகம் தெளிந்தது, அதான் அத்தை என்றாள். குமரேசன் தெளியவில்லை. அவன் நாடகக் கொட்டகையில் என் மடியில் வளர்ந்தவன், என் எல்லாச் சிரிப்பும் அவனுக்குத் தெரியும், அவன் என்னையே பார்த்துவிட்டு டிவியின் சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டினான். அங்கே சுவரை விட்டுக் கதை நகர்ந்துவிட்டது. தமயந்தி ஜீப்பில் போகிறாள், ஸ்டேஷனில் ஒரு புது ஏட்டு, தாடி வைத்த ஒருவன், யார் இவன், போன பாகத்தில் இருந்தானா, இப்போதுதான் வருகிறானா. ஏதோ சொன்னான், குமரேசன் சிரித்தான், ஹேமா சிரித்தாள், கொஞ்சம் பிந்தி நானும் சிரித்தேன். அதன் பிறகு நான் டிவியைப் பார்க்கவில்லை. எப்போது சிரிக்க வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று அவர்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துத் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.